மலையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் சில வருடங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்). குன்னூரில் புராஜெக்ட் அசிஸ்டென்ட். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பிஎச்டி. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முதல் வருட ஸ்காலர். மசினகுடியில் தங்கி முதுமலைக் காட்டில் மரம் அளக்கும் வேலை. இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

லேப் வேலையைச் சீனியர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். பேப்பர் எழுதுவது, கூட்டத்தின் முன் பேசுவது, அடுத்த வேலையைத் தேடுவது, புராஜெக்டின் பணக்கணக்கைப் பார்ப்பது, கைடிடம் 'இப்போது முடியாது' என்று மரியாதையாகச் சொல்வது, இவையெல்லாம் போகப்போகத் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். வராது. பெரிய நகரத்து வளாகங்களில் இதற்கென்று பயிலரங்குகள் நடக்கும், வழிகாட்ட ஆட்கள் இருப்பார்கள். இங்கே ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தாலே கீழே இறங்க முடியாது. அதனால் மலையில் இருப்பவர் தன் பயிற்சியைத் தானே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதைச் சேர்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பயிற்சி முடியும்போது பிறரிடம் எடுத்துக் காட்ட ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். ஒரு பக்க எழுத்து, ஒழுங்காக வரைந்த ஒரு கிராஃப், மற்றவர் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு புரோகிராம், மூன்று நிமிடப் பேச்சின் வீடியோ, எதுவானாலும் சரி. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் தருகிற நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

முதல் வாரம்: ஆர்டரை வரி விடாமல் படியுங்கள்

சேர்ந்த சந்தோஷத்தில் நியமன ஆர்டரை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. உங்கள் பதவி எந்த வகை என்பது அதில்தான் இருக்கிறது. நெட் தேர்வு அல்லது மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டம் வழியாக உங்கள் பெயருக்கே கிடைத்த ஃபெலோஷிப் என்றால் பணம் உங்களைப் பின்தொடர்ந்து வரும். புராஜெக்டில் கிடைத்த ஜேஆர்எஃப் என்றால் புராஜெக்ட் முடிகிற நாளில் உங்கள் பதவியும் முடியும். இரண்டையும் ஜேஆர்எஃப் என்றே சொல்வதால் வீட்டில் மட்டுமல்ல, நமக்கே குழப்பம் வரும்.

மூன்று கேள்விகளுக்கு முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் பதில் வாங்குங்கள். புராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது? இந்த வேலையை வைத்து பிஎச்டி பதிவு செய்யலாமா, செய்யலாம் என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தில்? விடுப்பு எத்தனை நாள்? பதிவு பற்றி "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

மத்திய அரசு விகிதப்படி 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்கு அதன் விகிதம் சென்னை, பெங்களூருவை விடக் குறைவு. ஆனால் வாடகை அப்படிக் குறைவாக இருப்பதில்லை. சீசன் மாதங்களில் அறைகள் சுற்றுலாவுக்குப் போய்விடும் என்பதால், ஏப்ரலுக்கு முன்பே பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். ஸ்டைபெண்ட் மாதாமாதம் வரும் என்று நம்பி கடன் தவணை எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். சில மாதம் வராமல் இருந்து, அப்புறம் அரியராக மொத்தமாக வருவது நாடு முழுக்க ஸ்காலர்கள் அனுபவிக்கிற விஷயம். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

முதல் மாதம்: ஒரு பக்கத் திட்டம்

தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'சயின்ஸ்' இதழை நடத்தும் சங்கம் 2012ல் மைஐடிபி என்ற இலவச இணையதளத்தைத் தொடங்கி அதைப் பரவலாக்கியது. உங்களுக்கு எது வரும், எது பிடிக்கும், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள் கேட்டு, விஞ்ஞானிகள் போகக்கூடிய இருபது வகை வேலைகளோடு ஒப்பிட்டுக் காட்டும். அதில் வரும் வேலைகள் அந்த ஊர் வேலைகள். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். யார் உதவியும் இல்லாமல் என்னால் இன்று செய்ய முடிந்தவை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்ய முடிந்தவை. சுத்தமாகத் தெரியாதவை. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழி கொஞ்சம் தெரிந்தால், 'ஆர் தெரியும்' என்று எழுதாதீர்கள். 'மழை அளவு டேட்டாவை ஆரில் ஏற்றி மாத சராசரி எடுத்து கிராஃப் போடத் தெரியும்' என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போதுதான் உண்மை தெரியவரும். மூன்றாவது பட்டியலில் இருந்து இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடுங்கள். ஐந்தாறு எடுத்தால் ஒன்றும் நடக்காது.

இந்தத் தாளைக் கைடிடம் காட்ட வேண்டும். பலருக்கு இங்கேதான் கை நடுங்கும். வாசலில் நின்று "சார், ஃபிரீயா?" என்று கேட்டால் எப்போதும் ஃபிரீயாக இருக்க மாட்டார். "சார், அடுத்த ஆறு மாசத்துல இந்த ரெண்டு விஷயம் கத்துக்கலாம்னு இருக்கேன். நம்ம வேலைக்கும் தேவைப்படும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் பேசலாமா சார்?" என்று கேளுங்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பேசி முடித்ததும் அன்று மாலையே நான்கு வரி மெயில்: என்ன பேசினோம், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள். இது சந்தேகப்படுவது ஆகாது. அவர் கீழ் வேலை பார்க்கும் பலரில் நீங்கள் ஒருவர், அவருக்கு மறந்துபோகும்.

எல்லா கைடும் இதை ரசிக்க மாட்டார்கள். சிலருக்குத் திட்டம் என்ற பேச்சே பிடிக்காது. அப்படியானால் தாளை மடித்து உங்களிடமே வைத்துக்கொண்டு, உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டிசி கமிட்டியில் இருக்கும் இன்னொருவரிடமோ, பக்கத்து நிறுவனத்தில் இருக்கும் மூத்தவரிடமோ காட்டுங்கள்.

மூன்றாவது மாதத்திலிருந்து: அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

மலையில் இருப்பதால் ஒரு லாபமும் இருக்கிறது. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு வகையான அறிவியல் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் உருளைக்கிழங்கில் வேலை செய்பவர், பக்கத்திலேயே இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை வருடக்கணக்கில் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்.

முத்தோரையிலிருந்தே ஆரம்பிப்போம். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அங்கே இருக்கிறது. அதே முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ வானியல் மையமும் இருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970ல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமம், சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே ஒரு அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். பெரிய செலவில்லாமல் பெரிய கருவி செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் சரியான மேட்டைத் தேடிப் பிடித்ததிலேயே பாதி வேலை முடிந்திருக்கிறது. உங்கள் துறை வானியலாக இல்லாவிட்டாலும் அங்குள்ள பொறியாளர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

ஊட்டியிலேயே காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், விண்வெளியிலிருந்து வரும் துகள்களை ஆராயும் கிரேப்ஸ்-3 சோதனை நடக்கிறது. தரையில் சுமார் 400 கண்டறிகருவிகள், கூடவே மியூவான் என்ற துகள்களைப் பதிவு செய்யும் 560 சதுர மீட்டர் தொலைநோக்கி. அந்தக் கண்டறிகருவிகளுக்கான பிளாஸ்டிக் சின்டிலேட்டர்களை (துகள் பட்டால் ஒளிர்பவை) அங்கேயே தயாரித்துக்கொள்கிறார்கள். 'இந்தக் கருவி இறக்குமதி ஆகவில்லை, அதனால் வேலை நிற்கிறது' என்று உட்கார்ந்திருப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டு மலையில் கோதுமைக்கு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் கோதுமைத் துரு நோய் வருடம் முழுக்க உயிரோடு இருக்கும். இங்கிருந்து காற்றில் சமவெளிக்குப் பரவும். நோய் எப்போதும் இருக்கிற இடத்தில் ரகங்களைச் சோதித்தால் எது தாங்கும் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு நிலையம் 1954லிருந்து இருக்கிறது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டால் ஓடையில் தண்ணீர் எவ்வளவு குறையும் என்று கிளென்மார்கனில் வருடக்கணக்காக அளந்தவர்கள் அவர்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988ல் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டியது ஒன்றே: ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது டேட்டாவை எப்படி ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள்?

குன்னூர் பாஸ்டர் நிறுவனம், 1907ல் தொடங்கியது, தடுப்பூசி தயாரிக்கும் இடம். அங்கே ஆய்வை விடத் தரக்கட்டுப்பாடும் ஆவணமும்தான் பேசும். உயிரியல் படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்பதே பலருக்குப் பிஎச்டி முடிக்கும்போதுதான் தெரிகிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை தேன், காடு, பழங்குடி வாழ்வாதாரம் என்று முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறது. ஆய்வுப் படிப்போடு களப்பணி செய்ய விரும்புபவர்கள் அங்கே பேச வேண்டும்.

பழனி மலையில் நிறுவனங்கள் குறைவு, ஆனால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் ஒன்றே போதும். 1899ல் அமைந்தது. 1909ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. லேப் வசதி இல்லாத கல்லூரியில் எம்எஸ்சி இயற்பியல் படிக்கும் ஒருவர் வெறும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உண்மையான ஆய்வு தொடங்க வேறு எங்கே இப்படி வாய்ப்பு இருக்கிறது? இந்திய வானியற்பியல் நிறுவனம் கொடைக்கானலில் நடத்தும் கோடைப் பள்ளிக்கும் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இன்னும் உள்ளே மன்னவனூரில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

போவதற்கு முறை இருக்கிறது. நேராக கேட்டில் போய் நிற்காதீர்கள். பல இடங்களில் முன் அனுமதி வேண்டும். நிலையத் தலைவருக்குப் பத்து வரியில் மெயில்: நீங்கள் யார், எந்த வேலை செய்கிறீர்கள், யாரைப் பார்க்க விரும்புகிறீர்கள், எதற்கு. உங்கள் கைடுக்கு நகல். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். போனால் விஞ்ஞானியை மட்டும் பார்க்காதீர்கள். டெக்னிக்கல் ஆபீசர், நூலகர், பண்ணை மேலாளர் எல்லோரும் அங்கே நிரந்தர வேலையில் இருப்பவர்கள், அந்த வேலைக்கு எப்படி வந்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வாரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் ஆய்வுக்குக் கிடைக்கிறது, ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள், நான் இந்த வேலைக்கு வர வேண்டுமென்றால் இன்று எது குறைகிறது என்று கேளுங்கள். இருபது நிமிடம் கேட்டுப் போனால் இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அவர்களே டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னால் அது வேறு.

எழுதுவது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டேட்டா முழுதாக வரட்டும் என்று காத்திருப்பவர்கள் நான்காம் வருடத்தில் தவிப்பார்கள்.

நூலகம் இல்லை என்ற சாக்கு இப்போது பலருக்கு இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 30 வெளியீட்டாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டன. உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் செய்யச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். ஊருக்கே உபகாரம்.

ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தாலே கை நிற்கிறதா? முதலில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தமிழில் சத்தமாகப் பேசி போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். திரும்பக் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாக்கியம் கோணலாக இருக்கும், ஆனால் சொல்ல வந்தது தெளிவாக இருக்கும். கோணலைத் திருத்த ஆள் கிடைப்பார்கள், தெளிவில்லாததை யாராலும் திருத்த முடியாது. முதலில் படங்களும் அட்டவணைகளும், அப்புறம் செய்முறை, அப்புறம் முடிவுகள். முன்னுரை கடைசியில்.

வெவ்வேறு நிறுவனத்து ஸ்காலர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு எழுத்துக் குழு ஆரம்பியுங்கள். சனிக்கிழமை காலை, கூகுள் மீட். ஒருவர் இரண்டு பக்கம் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் அங்கேயே படித்து, எங்கே புரியவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு துறைக்காரர்கள் இருப்பது ரொம்ப நல்லது. உங்கள் துறைக்காரருக்கு நீங்கள் எழுதாமல் விட்டதும் புரிந்துவிடும். கரண்ட் போனால் போன் ஹாட்ஸ்பாட்டில் தொடரலாம்.

யார் பெயர் எந்த இடத்தில் என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். பங்களிப்புகளை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் முறையை இப்போது பல இதழ்கள் கேட்கின்றன. அந்தப் பட்டியலை நடுவில் வைத்துப் பேசினால் பேச்சு சண்டையாகாது. உங்களுக்கென ஒரு ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) இன்றே எடுங்கள். 16 இலக்கம், இலவசம். நம் ஊர் இனிஷியல் ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி வருவதற்கு இது ஒன்றே மருந்து.

"ஐந்து நாளில் பிரசுரம், கட்டணம் மட்டும் செலுத்தவும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்த காலம் போய்விட்டது. அந்தப் பட்டியலை 2025ல் யுஜிசியே கைவிட்டது. இனி இதழின் ஆசிரியர் குழுவில் நீங்கள் படித்த பேப்பர்களை எழுதியவர்கள் இருக்கிறார்களா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேப்பர் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசரத்தில் மோசமான இதழுக்குக் காசு கட்ட வேண்டாம் என்கிறேன்.

பேசுவது

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ல் தொடங்கிய ஒரு போட்டியின் விதி இது: மூன்று நிமிடம், ஒரே ஒரு ஸ்லைடு, உங்கள் முழு ஆய்வு. இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் தமிழில் தயார் செய்யுங்கள். கேட்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு அரசுப் பள்ளிகள் பேச ஆள் தேடும். மாணவர்கள் முன் பேசி முடித்ததும், "நான் என்ன சொன்னேன்?" என்று அவர்களிடமே கேளுங்கள். அதைவிட நேர்மையான மதிப்பீடு எந்த மாநாட்டிலும் கிடைக்காது.

விவசாயிகள் இன்னும் கறாரானவர்கள். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1961ல், நீலகிரியில்தான். அதனால் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. இதை ஒரு படுகர் விவசாயியிடம் விளக்கிப் பாருங்கள். "கண்ணுக்கே தெரியாத புழுவுக்கா என் கிழங்கை நிறுத்துறீங்க?" என்று கேட்பார். அதற்கு அவர் தலையாட்டும்படி பதில் சொல்லத் தெரிந்தால் பிஎச்டி வாய்மொழித் தேர்வான வைவாவில் எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டியதில்லை. அனுமதி வாங்கி வீடியோ எடுத்து வையுங்கள்.

கோவையிலிருந்து யாரையாவது பேச அழைத்தால் ஒரு சின்ன விஷயம்: 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். விருந்தினர் சோதனைச்சாவடியில் நின்று உங்களுக்குப் போன் செய்யும் நிலை வராமல் முதல் நாளே எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

பணமும் அனுமதியும்

இதைப் பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை. என் கருத்தில் பேப்பருக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். நாளைக்கு உங்கள் பெயரில் புராஜெக்ட் வந்தால் முதல் நாளிலிருந்து தேவைப்படும்.

லேப்பில் யாரும் விரும்பாத வேலை பில் பார்ப்பது. "நான் ஒரு வருஷம் பார்த்துக்கறேன் மேடம்" என்று கேட்டு வாங்குங்கள். பட்ஜெட்டில் கருவி, நுகர்பொருள், பயணம், கன்டிஞ்சென்சி (இதரச் செலவு) என்று தலைப்புகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்கு ஏன் இஷ்டம்போல் மாற்ற முடியாது, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் எப்படி வாங்குவது, வருடக் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் எப்படித் தயாராகிறது, அது தாமதமானால் அடுத்த தவணை எப்படி நிற்கிறது. கடைசி விஷயம் புரிந்த நாளில் உங்கள் ஸ்டைபெண்ட் ஏன் தாமதமாகிறது என்பதற்கான ஒரு காரணமும் புரிந்துவிடும்.

களவேலை இருப்பவர்களுக்கு அனுமதிதான் பெரிய பாடம். முதுமலை, முக்கூர்த்தி, கொடைக்கானல் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நிறுவனத் தலைவர் வழியாக, எந்த இடம், எந்த மாதம், எத்தனை பேர், எதைத் தொடுவீர்கள், எதை எடுப்பீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு, பூக்கும் பருவத்துக்கோ மழைக்கோ முன்பே தொடங்குங்கள். அனுமதி வந்த பின் ரேஞ்சர் அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் சொல்வதைக் கேட்டு நடங்கள். யானைத் தடம் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்கள் ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், பழனி மலையில் பளியர், புலையர், இவர்களிடம் தகவல் கேட்கும் ஆய்வென்றால் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் முதலில். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் விட வேண்டும். ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கம் எளிய தமிழில் எழுதி, நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். பல வருடமாக வந்து கேட்டுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவர்களே உங்களிடம் சொல்வார்கள்.

வருடக் காலண்டர்

சுவரில் ஒட்ட ஒரு தாள். அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என இரண்டு சுற்று. கேட் (GATE) தேர்வுக்கு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு வருடக் கடைசியில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் நாட்டின் நல்ல லேப் ஒன்றில் வேலை செய்யலாம், கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. புள்ளியியல், அறிவியல் எழுத்து போன்றவற்றுக்கு என்பிடெல் இணைய வகுப்புகள் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். உயிரியல்காரர்கள் இந்தியாபயோசயின்ஸ் அமைப்பின் தொழில் வழிகாட்டிப் பயிற்சிகளையும், இந்தியா அலையன்ஸ் நடத்தும் பயிலரங்குகளையும் கவனியுங்கள். வேளாண்மை படித்தவர்களுக்கு, வேளாண் விஞ்ஞானி பணிக்கான ஏஆர்எஸ் தேர்வு. தேர்வானால் ஹைதராபாத் நார்ம் நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி. குழந்தை, குடும்பம் என்று இடையில் விட்ட பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. பிஎச்டிக்குப் பின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும், அந்தந்தத் தளத்தில் சரிபாருங்கள்.

எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு பெரியது, இரண்டு சிறியது போதும்.

சிக்கல் வந்தால்

ஆடி, ஐப்பசி மாதங்களில் தொடர்ந்து வெயிலே தெரியாமல், தனி அறையில், டேட்டாவும் சரியாக வராமல் இருக்கும்போது மனம் சோர்ந்துபோவது இயல்பு. தூக்கமும் பசியும் போனால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாலியல் தொந்தரவு என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் யார் என்று பிரச்சினை வரும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். கைடோடு ஒத்துவரவில்லை என்றால் கைடு மாற்றத்துக்கு விதி இருக்கிறது. அதை முதல் வருடத்தில் செய்வது மூன்றாம் வருடத்தில் செய்வதை விட எவ்வளவோ எளிது.

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு

புராஜெக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போது சிவியை இரண்டாக எழுதுங்கள். ஆராய்ச்சி வேலைக்கு நீளமானது, பேப்பர்கள் முன்னால். நிறுவனம், தொண்டு அமைப்பு, தரக்கட்டுப்பாடு போன்ற வேலைக்கு இரண்டு பக்கம், செய்து முடித்தவை முன்னால். இத்தனை நாள் சேர்த்து வைத்த எழுத்து, கிராஃப், புரோகிராம், வீடியோ எல்லாம் இப்போது ஒரு இணைப்பாக சிவியின் கீழே போகும். பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய மூன்று பேரில் ஒருவராவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் பார்க்கப் போனவர்களில் ஒருவர் இதற்குள் உங்கள் வேலையை அறிந்திருப்பார். கடிதம் கேட்கும்போது சிவியும், விளம்பரமும், கடைசித் தேதியும் சேர்த்து அனுப்புங்கள். குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

டேட்டாவை ஒழுங்குபடுத்தி, எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி, அடுத்து வருபவரிடம் நேரில் ஒப்படையுங்கள். லேப் நோட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். எதன் நகலை எடுத்துப் போகலாம் என்று கைடிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) வாங்கும் நாளில் அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கி, சேர்ந்த தேதி, முடித்த தேதி, பதவியின் பெயர், சம்பளம், புராஜெக்ட் தலைப்பு எல்லாம் ஆர்டரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அலுவலக மேஜையிலேயே சரிபாருங்கள். ஒரு எழுத்து தவறானாலும் சரி, கீழே இறங்கிய பின் அதைத் திருத்த மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.